இத்தாலிக்காரரின் குழாயும் எங்கள் வீட்டு மஞ்சள் துணியும்

பெரிய ஓவியர் என்று உலகமே கொண்டாடுகிற அந்த இத்தாலிக்காரர் வரைந்த இறக்கைகள்மேல் எனக்கு ஒரு மயக்கமும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த இறக்கைகளைத்தான் காட்டுகிறார்கள். வௌவால் மாதிரி விரிந்த மரச்சட்டம், நடுவில் ஒரு ஆள், அவன் காலால் மிதித்துக் கையால் இழுக்க வேண்டும். அது பறக்கவில்லை. பறக்காத மெஷினுக்கு ஐந்நூறு வருஷமாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரை வரும் மாதங்களில் வாசலில் நின்று அண்ணாந்தால் போதும், பறப்பது எப்படி என்று அதுவே காட்டிவிடும். நான் மாட்டிக்கொண்டது அவர் வரைந்த வேறொரு படத்தில்.

அதைப் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கக் குழாயை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். பொன்னேரியில் நான் ஏறும்போது, வள்ளூரிலிருந்து வரும் அக்கா எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருப்பார். என் பக்கத்து மேசைக்காரர். போனில் எதையாவது சத்தமாகப் போட்டுக்கொண்டே வருவார், யார் முறைத்தாலும் கவலைப்பட மாட்டார்.

அன்றைக்கு அந்தப் போனில் இத்தாலிக்காரர். இறக்கை எல்லாம் காட்டி முடித்துவிட்டு, தண்ணீருக்குள் போகிற ஆள் ஒருவனைக் காட்டினார்கள். உடம்பெல்லாம் தோல் சட்டை. முகத்தை மூடி ஒரு தோல் பை. அதிலிருந்து பிரம்புக் குழாய் மேலே போய், தண்ணீரில் மிதக்கிற ஒரு மிதப்பில் முடிகிறது. குழாயின் வாய்க்குத் தண்ணீர் ஏறாமல் அந்த மிதப்பு பார்த்துக்கொள்ளும். அடியில் இருப்பவன் மேலே உள்ள காற்றை இழுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், அவசரத்துக்கு ஒரு மூத்திரப் பை.

அக்கா என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "இத்தப் பாரு பொண்ணே! தண்ணிக்குள்ள ஒண்ணுக்குப் போறதுக்குப் பை வெச்சிக்கீறான் இந்த ஆளு. நம்ம கம்பெனில பாத்ரூம் போவணும்னா டோக்கன் வாங்கணும். அந்தக் காலத்துலயே ஒருத்தன் யோசிச்சிக்கீறான் பாரேன்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அந்த மிதப்பிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கூரைக்கடியில் வலை மிதப்புகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. குழாயோ, நான் தினம் தொட்டுப் பார்க்கிற பொருள். அப்புறம், தண்ணீருக்குள் தலையை முக்கியே ஆக வேண்டிய ஒரு காரியம் எனக்கு இருந்தது.

எங்கள் குப்பத்தில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் போய் விழுந்தால் அடிதடிதான். அதனால் யார் எந்த முறை எந்த இடத்தில் வலை கட்டுவது என்று அம்மன் கோயில் முன்னால் சபை கூடிச் சீட்டுப் போடுவார்கள். பேர் கூப்பிட்டவருக்கு அந்த இடம். அங்கே சேற்றில் நட்ட கழிகளுக்கு நடுவே வலையைக் கட்டிவிட்டால், ஏறி இறங்குகிற தண்ணீரே இறாலைக் கொண்டுவந்து பைக்குள் தள்ளிவிடும். தொடர்ந்து மூன்று முறை வலை கட்டவில்லை என்றால் பாட்டிலிருந்து பேர் போய்விடும். முடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் கட்டலாம். ஆனால் அப்புறம் அந்தப் பாடு கட்டினவருக்குத்தான். பேர் ஆம்பளைகள் பேர் மட்டும்தான், அது சொல்லாமலே தெரியும்.

என் நைனா, துறைமுகத்துப் பக்கம் போகிற லாரிக்கு ஒதுங்கப் போய், பைக்கோடு பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு முறை பாடு வந்தது, இரண்டு முறையும் அவர் கட்டிலில். மூன்றாவதும் போனால் அவ்வளவுதான். அவருக்கு மகன் கிடையாது. நான் ஒருத்தி. ஏரியில் இடமில்லாத மீன்பிடிகாரன் எங்கள் ஊரில் வாழலாம், சோறு தின்னலாம், ஆனால் சபையில் அவன் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நைனா அதற்குத்தான் பயந்தார். இடுப்பு வலிக்கு அழாத மனுஷன், இதை நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சித்தப்பா, நைனாவின் சொந்தத் தம்பி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"இன்னாத்துக்குண்ணா பேஜார் ஆவுற? வர்ற பாட்ட நான் கட்டிக்கிறேன். நம்ம குடும்பத்துலயேதான கீது. வெளிய பூடுதா இன்னா?"

"கட்டினா அப்பால உன் பேருக்குத்தான சித்தப்பா?" என்றேன்.

"அது ஊர் கட்டுப்பாடும்மா. நான் இன்னா பண்றது? நீ மட்டும் ஆம்பளப் புள்ளயாப் பொறந்திருந்தா, நானே உன்கிட்டக் குடுத்துருப்பேன்."

"எங்க நைனாவோடத எடுத்து எனக்கே தருவியா? நல்லாக்கீதே உன் ஞாயம்!"

அவர் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பழத்தை நான் தொடவில்லை. அம்மா தின்றாள். "பழம் இன்னாடி பண்ணிச்சு?" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், நான் கட்டுவது என்று. பாடு கட்டப் போகிற படகில் பொம்பளை ஏறக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. சரி, ஏற வேண்டாம். ஏரியில் நடக்க எங்களுக்கு யார் தடை போட்டது? நானும் அம்மாவும் ஊர்ப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். ஏரியின் அடி எங்கள் விரலுக்குத் தெரிந்த அளவு படகில் போகிற ஆம்பளைக்குத் தெரியாது. ஆனால் தலை மட்டும் எப்போதும் தண்ணீருக்கு மேலேதான். தலையை முக்குவது அவர்கள் வேலை.

பாட்டு வலையில் அந்த வேலைதான் முக்கியம். வலையின் அடிக்கயிற்றைக் கழியின் காலில், சேற்றை ஒட்டிக் கட்ட வேண்டும். நைனா ஒரே மூச்சில் முங்கிக் கட்டிவிட்டு எழுவார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அரை மூச்சு கூட நிற்காது. பாதி கட்டும்போதே எழுந்தால் கயிறு நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் அந்த மிதப்புக் குழாய் என் கண்ணில் மாட்டியது.

முதலில், படத்தில் இருந்தபடியே செய்யலாம் என்று புறப்பட்டேன். நீளமான குழாய் வேண்டும் என்று கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் வாங்கினேன். ஒரு முனையை மிதப்பில் கட்டி, மறு முனையைக் கடித்துக்கொண்டு, துணி காயப்போடுகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஓடைப் பக்கம் கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தேன். உயிர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காற்று வரவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்து இருமினேன், வாந்தியெடுத்தேன், இத்தாலிக்காரரை நல்ல தமிழில் திட்டினேன். படம் போட்டவர் ஒரு தடவை முங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்!

விடவில்லை. குழாயை மாற்றினேன். வாஷிங் மெஷினிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற, மடிப்பு மடிப்பான அகலக் குழாய். காற்று தாராளமாக வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மூக்குக் கிளிப்பைக் கழற்றி வீசினேன். வாயால் இழு, மூக்கால் விடு. ஆழம்தான் கடைசி வரை வம்பு செய்தது. தலைக்கு மேல் ஒரு முழத்துக்கு அதிகமாகத் தண்ணீர் நின்றால் நெஞ்சு விரிய மறுக்கிறது. சரி, வத்தத்தில், அதாவது தண்ணீர் வடிந்து நிற்கிற நேரத்தில் போய்க் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன். கண்ணாடி எதற்கு? எங்கள் ஏரிச் சேற்றில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கடிப்பது மட்டும் ஒரு சிரமமும் தரவில்லை. பறியைக் கடித்துப் பழகிய பல் அது.

வள்ளூர் அக்காவிடம் சொன்னேன். "மூத்திரப் பை வெச்சியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பாட்டுக்கு முந்தின வாரம், லீவு நாளில், நிஜ இடத்திலேயே ஒரு தரம் கட்டிப் பார்த்துவிடலாம் என்று போனேன். அம்மா கொஞ்சம் தள்ளி இறால் தடவிக்கொண்டிருந்தாள். நான் முங்கினேன். கையில் ஒரு துண்டுக் கயிறு. கழியின் கால் கிடைத்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூச்சு நிதானமாக வந்தது, போனது. தண்ணீருக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. சிரிப்பு வந்தது, வாயில் குழாய் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தை இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அள்ளித் தின்ற ஏரிக்குள் அன்றைக்குத்தான் முழுசாக நுழைந்தேன்.

அப்போது என் வாயிலிருந்து குழாய் பிடுங்கிக்கொண்டு போனது. முன்பல் பெயர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். தண்ணீரைக் குடித்து, தட்டுத் தடுமாறி எழுந்தால், எதிரே படகில் சித்தப்பா நிற்கிறார். கையில் என் மிதப்பு. அதற்குக் கீழே குழாய் ஆடிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் துடுப்பைப் போட்டுவிட்டு அம்மனைக் கூப்பிட்டார்.

"அடிப்பாவி! நீயா? திருட்டு வலைன்னு இல்ல இழுத்தேன்!"

அவர்மேல் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். எங்கள் ஏரியில் ஒவ்வொரு வீட்டு மிதப்புக்கும் ஒரு துணி உண்டு. எங்களுடையது மஞ்சள். அவருடையது சிவப்பு. துணி கட்டிய மிதப்பு அதன் முறையில் நிற்கும்போது எவனும் தொட மாட்டான், சண்டைக்காரன்கூடத் தொட மாட்டான். துணி இல்லாத மிதப்பு திருட்டு வலையினுடையது, யார் கண்ணில் பட்டாலும் இழுத்துப் போட்டுவிடலாம். நான் குழாயைப் பார்த்தேன், ஆழத்தைப் பார்த்தேன், வத்தத்தைப் பார்த்தேன். குழந்தைக்குக்கூடத் தெரிந்த துணியை மறந்துவிட்டேன். இத்தாலியில் இந்தத் தொல்லை இல்லை போலிருக்கிறது. வெறும் மிதப்பைத்தான் வரைந்து வைத்திருக்கிறார்.

சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பாடு கட்றதுக்கா இந்தக் கூத்து? செத்துப்பூடுவ. ஊரு சும்மா உடாது, பாத்துக்க," என்று சொல்லி மிதப்பைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் போனார். அம்மா பறியை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் பழைய மஞ்சள் புடவையின் முந்தானையைக் கிழித்தாள். மெல்லியதாக இல்லை, நல்ல அகலமாக. "அந்தக் கரையிலர்ந்து பாத்தாலும் தெரியணும்," என்றாள்.

பாட்டு நாளன்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், வலை கட்டுகிறேன் என்றேன், நம்பவில்லை. நைனா தன்னைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். அதுவரை என்னிடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. நான் தண்ணீரில் இறங்கும்போது மட்டும், "அடிக்கயித்த இறுக்கினியான்னு இழுத்துப் பாரு. இழுத்துப் பாக்காத கட்டு கட்டே இல்ல," என்றார்.

வலையைத் தலையில் சுமந்து நானும் அம்மாவும் நடந்தே போனோம். கரையில் ஊர் கூடிவிட்டது. "இன்னாம்மே, அம்மாவும் பொண்ணும் கல்யாணத்துக்கா போறீங்க?" என்று யாரோ கத்தினார்கள். "ஆமாம், மொய் எடுத்துக்கினு வா!" என்று அம்மா திருப்பிக் கத்தினாள். தண்ணீர் தொப்புளுக்கு மேல் ஒரு சாண் நின்றது. முங்கினேன். வாயால் இழு, மூக்கால் விடு. முதல் கழி. கட்டு. இழுத்துப் பார். அடுத்த கழி.

நடுவில் தண்ணீருக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. படகு என் தலைக்கு மேலேயே வந்து நின்றுவிட்டது. இப்போது இழுப்பார், இப்போது இழுப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைச் சுற்றினேன். இழுக்கவில்லை. பிறகு அம்மா சொன்னாள். சித்தப்பா மிதப்புக்குக் கையை நீட்டினாராம். மஞ்சள் துணி அவர் விரலுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்ததாம். கரையில் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டாராம். என்மேல் பாசம் ஒன்றுமில்லை. துணிக்குப் பயந்தார்.

கடைசிக் கழியையும் கட்டிவிட்டுத்தான் எழுந்தேன். வலையில் இறால் விழுந்தது. நிறைய என்று புளுக மாட்டேன், ஆனால் விழுந்தது.

அந்த இத்தாலிக்காரர் தண்ணீருக்கடியில் வெகுநேரம் இருக்கிற வழி ஒன்றை முழுக்கச் சொல்லாமல் மறைத்துக்கொண்டாராம், கெட்டவர்கள் கையில் சிக்கினால் கப்பலின் அடியைத் துளைத்து ஆட்களைக் கொல்வார்கள் என்று. வீடியோவில் சொன்னார்கள். அவர் கவலை அவருக்கு. நான் வலை கட்டிய அன்றைக்குச் சாயங்காலமே ஊர்ப் பெண்கள் குழாயை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். எங்கே வாங்கினது, எப்படிக் கட்டினது, மூச்சை எப்படி விடுவது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதையும் மறைக்கவில்லை.

அடுத்த சபையில் சித்தப்பா முதல் ஆளாக எழுந்தார். எங்கள் ஊரில் பெண்கள் சபைக்குப் பின்னால், வேப்பமரத்துப் பக்கம் நிற்க வேண்டும். நான் கொஞ்சம் முன்னால் வந்தே நின்றேன். நைனா நாற்காலியில் இருந்தார்.

"அண்ணன் மூணாவது பாட்டும் கட்டல தலைவரே. கட்டுப்பாட்டுப்படி அவரு பேரு போவணும்," என்றார் சித்தப்பா.

எங்கள் தலைவர் வம்பு பிடிக்காத மனுஷர். "வல நின்னுக்கினு இருந்துச்சேப்பா. யாரோ கட்டித்தான இருக்கணும்?"

"அண்ணனா கட்னாரு? இவதான் கட்னா! வாயில பைப்ப வெச்சிக்கினு தண்ணிக்குள்ள பூந்து பூந்து ஒவ்வொரு கழியா கட்னா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கரையில கீறவங்களக் கேளு!"

அவர் வாயாலேயே வந்துவிட்டது. "தலைவரே, கேட்டுக்கினியா?" என்றேன். "சித்தப்பாவே சாட்சி சொல்லிட்டாரு. முடியாதவருக்குப் பதிலா யாரு கட்டினாலும் பாடு கட்டினவங்களுக்குத்தான்னு இந்தச் சபையிலதான சொல்றீங்க? நான் கட்டினேன்."

சபையில் கசமுசாவென்று பேச்சு. பொம்பளைக்குப் பாடா என்று ஒரு குரல், படகில் ஏறாமல் எப்படி என்று இன்னொரு குரல். "நடந்து போவேன். போனேன் இல்ல?" என்றேன். தலைவர் தலையைச் சொறிந்தார். பிறகு நல்ல வழி கிடைத்துவிட்ட முகத்தோடு நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

"இத்தப் பெருசு பண்ண வேணாம். நீயே கட்னன்னு வெச்சிக்கலாம். உன் பேரே இருக்கட்டும். ஊட்டுக்குள்ள யாரு கட்னா இன்னா?"

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? நைனாவின் பேரைக் காப்பாற்றத்தானே அத்தனை சேற்றையும் குடித்தேன். காரியம் முடிந்தது, தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நைனா நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். டாக்டர் நிற்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

"நான் கட்டல," என்றார். "கட்டாத வலைக்கு என் பேரச் சொல்லாத. கட்டினவ அவ. அவ பேரச் சொல்லு. முடியாதுன்னா என் பேரையும் எடுத்துடு, எனக்கு வேணாம்."

கெடுத்தாரே என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆத்திரம் வந்தது. கையில் வந்ததைத் தூக்கி எறிகிறாரே இந்த மனுஷன்! அப்புறம் அவர் கால் நடுங்குவதைப் பார்த்தேன். பெண்கள் நிற்க வேண்டிய இடத்தைவிட்டு, சபையின் நடுவே நடந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. அம்மா வேப்பமரத்தடியிலிருந்து அந்த மஞ்சள் முந்தானைத் துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். இன்னும் சேறு போகாத துணி.

தலைவர் எங்களைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நைனாவின் பேரைச் சொல்லி, "அவரு பொண்ணு" என்று ஆரம்பித்தார்.

"எனக்குப் பேரு கீது தலைவரே," என்றேன்.

சொன்னார். பின்னால் நிற்கிற பெண்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றேன். இன்னொரு தரம் சொன்னார்.